உங்களுக்குத் தெரியுமா? இடப்புறம் மட்டுமே திரும்பும் பந்தயத்தின் கடினம்

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1909இல் திறக்கப்பட்ட, சுமார் 4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஓடுதளத்தில் கார்கள் இடப்புறம் மட்டுமே திரும்புவதால், அங்கு ஓட்டுவது எளிது என்று தோன்றக்கூடும்.

ஆனால், வளைவுகளில் கார் தானாகவே இடப்புறம் திரும்புவதற்காக வலது பின்டயர் இடது பின்டயரைவிடச் சற்றுப் பெரிதாகப் பொருத்தப்படுவதால், மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் நேர்பாதையில் விரையும்போதும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வலப்புறமாக இழுத்துப் பிடிக்க வேண்டியுள்ளது.

மேலும், முன்செல்லும் கார் கலைத்துவிட்ட காற்று, பின்வரும் காரைத் தரையோடு அழுத்தும் விசையைக் குறைத்து முன்சக்கரங்களின் பிடிப்பைத் தளர்த்துவதால், கார் வெளிச்சுவரை நோக்கி விலகத் தொடங்குகிறது.

எரிபொருள் தீரத் தீர எடையும், டயர் தேயத் தேயப் பிடிப்பும் மாறிக்கொண்டே இருப்பதால், 500 மைல் பந்தயத்தின் 200 சுற்றுகளிலும் அதே நான்கு வளைவுகளை ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணித்தே கடக்கிறார்.