அணையா விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது யார்?

பல நூற்றாண்டுகளாக மூடிக்கிடந்த ஒரு கல்லறையைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. புதைத்த அன்றைக்கு ஏற்றிய அதே விளக்கு. வெளிக்காற்று பட்ட மறுநொடி பொசுக்கென்று அணைந்துவிடுகிறது.

இந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க. "முன்னோர்கள் கண்டுபிடிச்சதை மறைச்சுட்டாங்க" வகை வீடியோக்களில் திகில் இசையோடு வரும். சிரிச்சுட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடலாம்தான். ஆனா இந்த விளக்கு விஷயத்தை அப்படி முழுசாகத் தள்ளிவிட முடியாது. இதில் பாதி கதை, பாதி நிஜம். எந்தப் பாதி எது என்று பிரிக்க நமக்குத் தேவை முதல் வருஷ கெமிஸ்ட்ரியும் ஒரு கால்குலேட்டரும்தான்.

இந்தக் கதைகளில் ரொம்பப் பிரபலமானது ரோம் நகரத்துக் கதை. 1485-ல் ரோமுக்கு வெளியே, ஆப்பியன் சாலை ஓரத்தில் ஒரு கல் சவப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஓர் இளம்பெண்ணின் உடல், கொஞ்சமும் அழுகாமல். முடி, பல், நாக்கு எல்லாம் அப்படியே இருந்தன என்று அப்போது வாழ்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. கூட்டத்தைப் பார்த்துக் கவலைப்பட்ட போப் எட்டாம் இன்னசென்ட், உடலை ரகசியமாகப் புதைக்கச் சொல்லிவிட்டார். அவள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அறிஞர் சிசரோவின் மகள் துல்லியா என்று ஒரு பேச்சு கிளம்பியது. துல்லியா இறந்தது கி.மு. 45-ல். கவனிங்க, அந்தக் காலத்துக் குறிப்புகள் உடலைப் பற்றியும் அதன்மேல் பூசியிருந்த வாசனைத் தைலத்தைப் பற்றியும்தான் பேசுகின்றன. எரியும் விளக்கு கதைக்குள் நுழைந்தது பிற்பாடுதான். நல்ல கதைக்கு ஒரு கிளைமாக்ஸ் தேவைப்பட்டது போல.

1621-ல் ஃபோர்ச்சூனியோ லிசெட்டி என்ற இத்தாலியப் பேராசிரியர் பழங்கால விளக்குகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகமே போட்டார். கல்லறை விளக்குகள் நிஜமாகவே நூற்றாண்டுக்கணக்கில் எரிந்தன என்பது அவர் கட்சி. அதே நூற்றாண்டில் ஒட்டாவியோ ஃபெராரி என்ற இன்னொரு பேராசிரியர், எல்லாம் கட்டுக்கதை என்று பதில் புத்தகம் எழுதினார். படித்தவர்களே இரண்டு கட்சியாக நின்ற விவாதம் இது. அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: ஆக்சிஜன் என்ற பெயரும், அது எவ்வளவு செலவாகும் என்ற கணக்கும்.

சரி, கணக்கைப் போடுவோம்.

ஒரு சின்ன எண்ணெய் விளக்கு மணிக்கு 5 கிராம் ஆலிவ் எண்ணெய் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 37 கிலோஜூல் என்றால் சுமார் 50 வாட் வருகிறது. அடக்கமான சுடர்தான். ஒரு நாளைக்கு 120 கிராம், ஒரு வருஷத்துக்கு 44 கிலோ. துல்லியாவின் சாவிலிருந்து 1485 வரை 1,529 வருஷம். மொத்தம் 67 டன் எண்ணெய். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் ஆறு லாரிக்கு மேலே. இதை ஒரு பெண்ணின் சவப்பெட்டிக்குள் எங்கே வைப்பது?

"அவங்க ஏதோ ரகசிய எண்ணெய் வெச்சிருந்தாங்க"ன்னு யாராவது சொல்வாங்க. இருக்கட்டும், எண்ணெயை விடுங்க, காற்றைப் பாருங்க. ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு டிரையோலின். அதன் ஒரு மூலக்கூறு முழுசா எரிய 80 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். எடைக் கணக்கில், 1 கிராம் எண்ணெய்க்கு 2.9 கிராம் ஆக்சிஜன். கல்லறை கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும்: 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். உள்ளே 22.5 கன மீட்டர் காற்று. ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 16-க்கு இறங்கினாலே திரிச்சுடர் தாக்குப்பிடிக்காது. ஆக, பயன்படக்கூடியது சுமார் ஒன்றரை கிலோ ஆக்சிஜன். அதில் அரை கிலோ எண்ணெய் எரியும். மணிக்கு 5 கிராம் என்றால் 100 மணி நேரம்.

நாலு நாள். ஆயிரத்து ஐந்நூறு வருஷம் எரிந்த விளக்கு, திங்கட்கிழமை மூடினால் வெள்ளிக்கிழமை அணைந்திருக்கும். கல்லறையில் விரிசல் இருந்து காற்று வந்துகொண்டே இருந்தது என்றால் ஆக்சிஜன் பிரச்சினை தீரும். அந்த ஆறு லாரி எண்ணெய் திரும்ப வந்து நிற்கும்.

இன்னொன்று. கதையில் விளக்கு "காற்று பட்டதும்" அணைகிறது. நெருப்புக்குக் காற்று உயிர் என்பது அடுப்பு ஊதியவர் எல்லாருக்கும் தெரியும். இங்கே மட்டும் தலைகீழ். ஆனா கதை சொல்பவருக்கு இது ரொம்ப வசதி. பார்த்தவர் ஒருவர், பார்த்தது ஒரு நொடி, அப்புறம் சாட்சியே கிடையாது. 1669-ல் ஜெர்மனியில் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிப் பாஸ்பரஸ் எடுத்தபோது, காற்றுப் பட்டால் தானே ஒளிரும் பொருள் ஒன்று கிடைத்துவிட்டது. கல்லறையைத் திறந்தவர்கள் கண்டது விளக்கை இல்லை, இப்படி ஏதோ ஒரு ஒளியை என்று விளக்கம் சொல்ல அது சிலருக்கு உதவியது. என் கருத்தைக் கேட்டால், இருட்டுக் குழிக்குள் தீப்பந்தத்தோடு எட்டிப் பார்த்தவர் கண்ணுக்கு ஈரச்சுவரில் மின்னும் தன் பந்தத்தின் வெளிச்சமே போதும்.

இதுவரை பொய்யான பாதி. இப்போ நிஜத்துக்கு வருவோம்.

கி.பி. 2-ம் நூற்றாண்டில் கிரேக்க நாடு முழுக்கச் சுற்றிப் பயணநூல் எழுதியவர் பவுசானியஸ். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றில், அதீனா தேவியின் பழைய சந்நிதியில் ஒரு பொன் விளக்கு இருந்ததாக அவர் எழுதுகிறார். செய்தவர் கல்லிமாக்கஸ் என்ற சிற்பி. வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் நிரப்புவார்களாம். இரவும் பகலும் எரிந்து, அடுத்த வருஷம் அதே நாள் வரை தாங்குமாம். விளக்குக்கு மேலே கூரை வரை ஒரு வெண்கலப் பனைமரம், புகையை வெளியேற்ற. திரி மட்டும் நெருப்பில் எரியாத ஒரு வகை நாரால் ஆனது.

இது அற்புதக் கதை மாதிரி இருக்கிறதா? மேலே போட்ட கணக்கை எடுங்க. வருஷத்துக்கு 44 கிலோ, அதாவது 48 லிட்டர் எண்ணெய். இரண்டு பெரிய தண்ணீர் கேன் அளவு. சுடரைப் பாதியாகக் குறைத்தால் ஒரே கேன். தெய்வத்துக்குச் செய்யும் பொன் விளக்கில் இவ்வளவு பெரிய தொட்டி வைப்பது பெரிய காரியமே இல்லை. பவுசானியஸ் சொல்வதில் நம்பமுடியாதது எதுவும் இல்லை. புகைபோக்கி வரைக்கும் யோசித்திருக்கிறார்களே, அதுவே இது நிஜமாகப் பயன்பட்ட பொருள் என்பதற்கு அடையாளம். அற்புதங்களுக்குப் புகைபோக்கி தேவைப்படாது.

அந்த எரியாத நார் நமக்கும் தெரிந்ததுதான். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கே "அணையாதது" என்றுதான் பொருள். பஞ்சுத் திரியின் நுனி கருகும், கருகினால் தூண்டிவிட வேண்டும், தூண்டிக்கொண்டே இருந்தால் திரி தீரும். கல்நார்த் திரி எண்ணெயை நுண்துளைகள் வழியே மேலே இழுக்கும், தான் எரியாது. ஆனால் கரி படியும், சுத்தம் செய்தாக வேண்டும். அணையாத திரி கிடைத்தது, அவ்வளவுதான். எரிவது எண்ணெய்தான், அது தீரத்தான் செய்யும். நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்பது நம் காலத்துக்குத் தெரிந்த விஷயம், அதனால் யாரும் ப்ராஜெக்ட்டுக்கு முயற்சி பண்ணிடாதீங்க.

திரியைத் தூண்டும் வேலையை மெஷினிடம் கொடுத்தவரும் உண்டு. அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோ, கி.பி. 1-ம் நூற்றாண்டு. எண்ணெயில் ஒரு மிதவை, அதன்மேல் பல் வெட்டிய நிமிர்ந்த சட்டம், அதோடு பொருந்தும் ஒரு பல்சக்கரம். எண்ணெய் குறையக் குறைய மிதவை இறங்கும், சக்கரம் சுழலும், திரி தானாக வெளியே தள்ளப்படும். ஃபீட்பேக் கன்ட்ரோல் பாடத்தில் முதல் உதாரணமாக இதை வைத்திருக்கலாம். ஹீரோவும் திரியைத்தான் பார்த்துக்கொண்டார், எண்ணெயை யாராவது ஊற்றித்தான் ஆகணும்.

ஊற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதும் ஏதென்ஸில் தெரிந்துபோனது. கி.மு. 87-86-ல் ரோமானியத் தளபதி சுல்லா நகரை முற்றுகையிட்டான். உள்ளே மக்கள் பட்டினி. ஊரை ஆண்ட அரிஸ்டியன் அப்போதும் குடித்துக் கூத்தடித்துக்கொண்டிருந்தான், தேவியின் விளக்கை எண்ணெயின்றி அணையவிட்டான் என்று வரலாற்றாசிரியர் புளூட்டார்க் கோபத்தோடு பதிவு செய்கிறார். பவுசானியஸ் பார்த்த சுடர் அதற்கப்புறம் மறுபடி ஏற்றியதுதான். நடுவில் அணைந்ததை யாரும் மறைக்கவில்லை.

அதே புளூட்டார்க்கின் இன்னொரு நூலில் எனக்கு மிகப் பிடித்த விளக்குக் கதை வருகிறது. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சீவா என்ற சோலை. அங்கே அம்மோன் கோயில். அங்கேயும் ஓர் அணையா விளக்கு. பூசாரிகள் வருஷாவருஷம் எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று கணக்கு எழுதி வைத்தார்கள். பார்த்தால், ஒவ்வொரு வருஷமும் செலவு முந்தைய வருஷத்தைவிடக் குறைகிறது. அவர்கள் வந்த முடிவு: வருஷத்தின் நீளம் குறைந்துகொண்டே வருகிறது!

சிரிக்காதீங்க. டேட்டா இருக்கிறது, போக்கு இருக்கிறது, விளக்கமும் தர்க்கப்படி பொருந்துகிறது. இந்தச் செய்தியைக் கேட்டவர்கள் அந்த நூலில் சண்டை போடுகிறார்கள். ஒரு விளக்குத் திரியை வைத்து வானத்தையே புரட்டுவதா என்று ஒருவர் கேட்கிறார். புளூட்டார்க்கின் ஆசிரியர் அம்மோனியஸ் இன்னும் நிதானமாகப் போகிறார். வருஷம் சுருங்கினால் சூரியனின் போக்கிலும் நிழல்களிலும் மாற்றம் தெரியணுமே, தெரியவில்லையே என்கிறார். அப்புறம் மாற்று விளக்கம் தேடுகிறார்: சுற்றியிருக்கும் காற்றின் குளிரோ வறட்சியோ மாறியிருக்கலாம்; இளம் மரத்து எண்ணெய் நீர்த்ததாக இருந்திருக்கும், மரம் முற்ற முற்ற எண்ணெயில் சத்து கூடியிருக்கும். நம் லேபில் ரீடிங் தப்பாக வந்தால் வைவாவில் கேட்கப்படும் கேள்விகள்தான் இவை. பூசாரிகள் அளந்தது சரி. வருஷத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் எண்ணெயைச் சந்தேகிக்க மறந்துவிட்டார்கள்.

யாருமே எண்ணெய் ஊற்றாத நெருப்பு உலகத்தில் இல்லவே இல்லையா? இருக்கிறது, விளக்கில் இல்லை, மண்ணில். துருக்கியின் தென்கரையில், பழைய லிசியா நாட்டில், யனார்த்தாஷ் என்ற மலைச்சரிவில் பாறை இடுக்குகளில் தீ எரிகிறது. கிமேரா மலையின் சுடர் இரவும் பகலும் அணைவதில்லை என்று பிளினி கி.பி. 1-ம் நூற்றாண்டிலேயே எழுதினார். இன்றைக்கும் போனால் பார்க்கலாம். வருவது பெரும்பாலும் மீத்தேன், கொஞ்சம் ஹைட்ரஜன். அதில் ஒரு பங்கு அந்த மலையின் பாறையும் தண்ணீரும் வினைபுரிந்து உண்டாவது. அந்த வினையில் உருவாகும் பாறைக்குச் சர்ப்பன்டினைட் என்று பெயர். கல்நார் கிடைப்பதும் பெரும்பாலும் அதே வகைப் பாறையில்தான். எரிபொருளும் எரியாத திரியும் ஒரே பாறைக் குடும்பம்!

எகிப்தியர்கள் நிலத்தடி எண்ணெய் ஊற்றிலிருந்து குழாய் போட்டுக் கல்நார்த் திரிக்கு இணைத்திருப்பார்கள் என்று 17-ம் நூற்றாண்டில் கிர்ச்சர் என்ற பாதிரியார் ஊகித்தார். ஆதாரம் இல்லை, ஆனால் டிசைன் தப்பில்லை. இந்த மண்தீயும் நிரந்தரம் கிடையாது. அஜர்பைஜானில் பாகு நகரத்துக்குப் பக்கத்தில் சுரகானி அக்னி ஆலயம் இருக்கிறது. வடமொழிக் கல்வெட்டுகள்கூட அங்கே உண்டு. சோவியத் காலத்தில் சுற்றிலும் எரிவாயுவை உறிஞ்சி எடுத்ததில் 1969-ல் அதன் இயற்கைத் தீ நின்றுபோனது. இப்போது எரிவது நகரத்துக் குழாய் எரிவாயு.

நம் ஊரிலும் அணையா விளக்குகள் இருந்தன, நந்தா விளக்கு என்று கல்வெட்டுகள் சொல்லும். நந்துதல் என்றால் அணைதல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதன் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும், சூரியனும் சந்திரனும் உள்ளவரை. ஆடு செத்தால்? அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: சாவா மூவாப் பேராடு. ஒவ்வோர் ஆடும் மூப்படையும், சாகும். குட்டிகள் வந்து எண்ணிக்கையை நிரப்பும், மந்தைக்கு மூப்பும் இல்லை, சாவும் இல்லை. நெய் அளக்க வேண்டிய இடையர்களின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. அடுத்த முறை தஞ்சாவூர் போனா, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து முடிச்சதும் அவங்க பேரையும் கொஞ்சம் தேடிப் பாருங்க.