ஏலமும் கூக்குரலும்

'அவுட்க்ரை' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கூக்குரல், கூச்சல், பொதுமக்களின் கண்டனம் என்றே பெரும்பாலோர் பொருள் கொள்கின்றனர். செய்திகளில் வழங்குவதும் அப்பொருளே. ஆனால், பொருளியல் நூல்களில் 'ஓபன் அவுட்க்ரை' என்று வருமிடத்தில் 'வெளிப்படையான கூக்குரல்' என்று மொழிபெயர்த்தால் மாணவர் திகைத்துப்போவார். வாங்குவோரும் விற்போரும் ஓரிடத்தில் கூடி, அனைவரும் கேட்க விலை கூவி வணிகம் முடிக்கும் முறையை அது குறிக்கிறது. 'கூவல் முறை வணிகம்' என்பது பொருந்தும்.

இப்பொருள் புதிதன்று. ஏலத்தை 'அவுட்க்ரை' என்னும் வழக்கு இங்கிலாந்தைவிட இந்தியாவில் நெடுங்காலம் நீடித்ததாக, 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி குறிப்பிடுகிறது. நம்முடைய 'ஏலம்' என்ற சொல்லும் போர்ச்சுகீசிய மொழி வழியாக வந்ததே. அதன் அரபு மூலத்துக்கு 'அறிவித்தல்' என்று பொருள். 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று ஏலக்காரர் கூவும்போது அந்த அரபுப் பொருளே ஒலிக்கிறது. (ஏலக்காய்க்கும் இதற்கும் உறவில்லை, போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் விடப்படுவது தற்செயலே!)

மும்பை பங்குச் சந்தையில் தரகர்கள் கூவியும் கைச்சைகை காட்டியும் வணிகம் செய்த காலம் 1995-இல் கணினித் திரை வந்ததும் முடிந்தது. சிகாகோவில் முன்பேர வணிகக் களங்களில் பெரும்பாலானவை 2015 ஜூலையில் மூடப்பட்டன. கூச்சல் ஓய்ந்ததற்காக வருந்த வேண்டியதில்லை. கேட்கப்படும் விலையைச் சந்தையில் உள்ள அனைவரும் அறிவதே அம்முறையின் பயன். அதைத் திரையும் தருகிறது.

சொல்லின் இரு பொருள்களும் நம் நாட்டில் ஒரே விவகாரத்தில் சந்தித்தன. 2008-இல் அலைக்கற்றை உரிமங்கள் ஏலமின்றி, 'முதலில் வருவோருக்கு முன்னுரிமை' என்ற அடிப்படையில், 2001-இல் நிர்ணயித்த கட்டணத்துக்கே வழங்கப்பட்டன. விலை கூவப்படாத அந்த விற்பனை நாடெங்கும் கண்டனக் குரலை எழுப்பியது. 2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. குற்ற வழக்கில் 2017-இல் அனைவரும் விடுவிக்கப்பட்டனர் என்பது வேறு. ஒதுக்கீட்டு முறை தவறு என்ற தீர்ப்பை அது மாற்றவில்லை.

எனினும், இயற்கை வளங்கள் அனைத்தையும் ஏலத்தில்தான் விட வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று 2012 செப்டம்பரில் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. எனக்கும் அதில் உடன்பாடே. குடிநீருக்கோ பள்ளி நிலத்துக்கோ அதிக விலை கேட்பவரைத் தேட வேண்டியதில்லை. எவருக்கு, என்ன விலைக்கு என்பதை ஒதுக்குவதற்கு முன்பே அறிவித்தால் போதும்.