டிஜாக்சின் உண்போர் அறிய வேண்டியவை

வாரிசு நியமனப் படிவத்தில் கையொப்பம் பெறும் பொருட்டு, சென்ற கோடையில் அம்பத்தூரில் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்த பெரியவர். இப்பொழுது தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகனோடு வசிக்கிறார். படிவத்தைக் கையில் வாங்கியவர், "என்ன ஐயா, சங்கத்துக் காகிதத்தை மஞ்சளில் அச்சடிக்கத் தொடங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். காகிதம் வெள்ளைதான். நான்கு நாளாக மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது, துவைத்த வேட்டியும் மஞ்சளாக இருக்கிறதென்று தம்மைக் கடிந்துகொள்கிறார் என்று மருமகள் கூறினார். நூலின் நிறத்தைக் கண்டதும் சொல்லக்கூடிய நெசவாளருக்கு வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் அது சிறு விஷயமன்று. அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம்.

காரணம் அவருடைய இருதய மாத்திரை. டிஜாக்சின் என்பது அதன் பெயர். மருந்துச் சீட்டில் 5/7 என்று எழுதியிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் உண்டு, இரண்டு நாள் விட வேண்டும் என்பது அதன் பொருள். பெரியவரோ, "நோய்க்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டா?" என்று எண்ணி ஏழு நாளும் உண்டு வந்திருக்கிறார்.

இம்மருந்தின் வரலாறு பழமையானது. நீர்க்கோவைக்கு ஒரு மூதாட்டி தந்துவந்த பச்சிலை மருந்தைப் பற்றி, வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் 1775-ல் அறிந்தார். அதில் பயன் தருவது டிஜிடாலிஸ் என்னும் செடியே எனக் கண்டார். பத்தாண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785-ல் நூலாக வெளியிட்டார். குணம் செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவென்பதை அவரே வற்புறுத்தினார். அவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து 1930-ல் பிரித்தெடுக்கப்பட்டதே டிஜாக்சின். தளர்ந்த இருதயம் வலுவாகச் சுருங்க இது துணை செய்கிறது. தாறுமாறாக விரையும் துடிப்பைத் தணிக்கிறது.

அளவின் நுட்பத்தைப் பாருங்கள். வழக்கமான மாத்திரையில் உள்ள மருந்து 0.25 மில்லிகிராம்தான், 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரையில் இருப்பதில் முந்நூற்றில் ஒரு பங்கு. இருதயத் தளர்ச்சிக்கு உண்போரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருந்தால் போதும். 2 நானோகிராமைத் தாண்டினால் நஞ்சின் குறிகள் பெரும்பாலும் தோன்றும். சிலருக்கு அதற்குக் கீழேயே தோன்றுவதுண்டு. உடலில் சேர்ந்த மருந்தில் பாதி வெளியேற ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். அது தளர்ந்த முதியோரிடத்தில், தவணை கட்டாத கடனில் வட்டி ஏறுவது போல மருந்து சேர்ந்துகொண்டே போகும். டாக்டர் இரண்டு நாள் விடச் சொல்வது இதற்காகவே.

பசியின்மை, குமட்டல், வாந்தி, மயக்கம், மனக்குழப்பம், பொருள்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தோன்றுதல், நாடி மெலிந்து மெதுவாதல் அல்லது விட்டுவிட்டு அடித்தல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். "வெயில் சூடு" என்று மோர் கொடுத்து இருந்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். இம்மாத்திரை உண்பவர் விஷயத்தில் அது கூடாது. அடுத்த மாத்திரையைக் கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள். மயங்கி விழுந்தால் 108-ஐ அழையுங்கள்.

கோடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூந்தமல்லிப் பக்கத்துக் கீரைத் தோட்டங்களில் நண்பகல் வரை நிற்கும் அங்கத்தினர்களுக்கு இது முக்கியம். டிஜாக்சினுடன் நீர் பிரியும் மாத்திரையும் உண்பவர் பலர். அம்மாத்திரை உடலிலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். பேதியும் சேர்ந்தால் இன்னும் குறையும். பொட்டாசியம் குறையக் குறைய, சரியான அளவு டிஜாக்சினே நஞ்சாகிவிடும். ஆதலின் பேதி கண்டவுடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலுக்கும் சளிக்கும் தாமாகவே மருந்து வாங்கலாகாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் இரத்தத்தில் டிஜாக்சினைப் பெருக்கிவிடும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், பன்னிரண்டு மணி நேரத்திற்குள் நினைவு வந்தாலன்றி அதை விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்து உண்ணுதல் கூடவே கூடாது. காலையில் ஒரு நிமிடம் முழுவதும் நாடியை எண்ணிப் பழகுங்கள். அறுபதுக்குக் குறைந்தால் மாத்திரையை உண்ணாமல் டாக்டரிடம் தெரிவியுங்கள். மாத்திரை அட்டை மாறினால் 0.25-ஆ, 0.125-ஆ என்று படித்துப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் பலவற்றை நம் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. எங்கு வாங்கினாலும் சீட்டைக் காட்டி மருந்தாளுநரிடம் அளவைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

இன்னொன்று. வேலியோரத்து அரளியிலும் மஞ்சள் அரளியிலும் டிஜாக்சினை ஒத்த நஞ்சு உண்டு. இலங்கையில் மஞ்சள் அரளி நஞ்சேறியோர்க்கு, டிஜாக்சின் நஞ்சை முறிக்கவென்று செய்த மருந்தே பயன்பட்டதென 2000-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் 2024-ல் நிவேதனத்திலிருந்து அரளிப்பூவை விலக்கியது. இருதய நோய்க்கு அரளிக் கஷாயம் நல்லதென்று யாரேனும் சொன்னால் செவி கொடுக்க வேண்டாம்.

பெரியவர் சில நாளில் தேறினார். மருமகள் நாட்காட்டியில் சனியையும் ஞாயிறையும் சிவப்பு மையால் அடித்து வைத்திருக்கிறார். படிவத்தில் கையொப்பம் அடுத்த மாதந்தான் கிடைத்தது. அப்பொழுது காகிதம் வெள்ளையாகவே தெரிந்ததாம்.