2 டிகிரி தண்ணீர், தடித்த கையுறை... ஆபத்து நேரத்தில் 'பேக்கப்' கைக்கு வருமா?

இன்ஸ்டாகிராமில் அந்த போட்டோவை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு டைவர். ஐஸ்லாந்தின் திங்வெட்லிர் தேசியப் பூங்காவில் இருக்கும் சில்ஃப்ரா பிளவுதான் அது. வட அமெரிக்க நிலத்தட்டும் யுரேசிய நிலத்தட்டும் மெல்ல விலகிக்கொண்டிருக்கும் இடம். பனிப்பாறை உருகிய தண்ணீர் எரிமலைப் பாறைகளுக்குள் பல ஆண்டுகள் ஊறி, வடிகட்டப்பட்டு வருவதால் 100 மீட்டர் தூரம்கூடத் தெளிவாகத் தெரியும்.

போட்டோவில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரின் குளிர், வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்!

அந்தமானிலோ புதுச்சேரியிலோ டைவிங் கற்றவர்களுக்கு வெறும் கைதான் பழக்கம். சில்ஃப்ரா மாதிரி இடங்களில் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் கையுறை இல்லாமல் இறங்குவதை நினைத்தே பார்க்காதீங்க. ஆனால் அதை மாட்டியதும் கதை மாறிவிடும். விக்கெட் கீப்பிங் கிளவுஸ் போட்டுக்கொண்டு சட்டைப் பட்டன் மாட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே அவஸ்தைதான்.

ஸ்கூபாவில் முக்கியமான கருவிகளுக்கெல்லாம் ஒரு ஸ்பேர் கொண்டுபோவார்கள். கையுறைக்குள் இருக்கும் விரலால் எடுக்க முடியவில்லை என்றால், அந்த ஸ்பேர் சும்மா சுமந்துபோகும் எடைதான்.

விரல்கள் ஏன் கைவிடுகின்றன?

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். இதயம், மூளையைக் காப்பாற்ற, உடல் கைகளுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். முதலில் தொடு உணர்வு போகும், அப்புறம் பிடிமானம். இறங்கியவுடன் எல்லாம் ஓகேவாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் நிலைமையே வேறு. அதாவது, சிலிண்டரில் காற்று குறையும் நேரமும் விரல் மரத்துப்போகும் நேரமும் ஒன்றாகவே வரும். எதையும் யோசித்து வைக்க வேண்டியது இந்தக் கடைசி நேரத்துக்காகத்தான்.

முதலில் மூச்சு

சைக்கிள் டியூபில் காற்றைப் பிடுங்கிவிட்டால் வால்வு சில்லிடுமே, கவனித்திருக்கிறீர்களா? சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, ரெகுலேட்டரின் முதல் நிலையில் சட்டென 10 பார் அளவுக்கு இறங்கும்போதும் அதேதான் நடக்கிறது. தண்ணீரே 2 டிகிரி என்றால், உள்ளே பனி உறைந்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளலாம். காற்று நிற்காமல் கொட்டும். இதற்குப் பெயர் 'ஃப்ரீ ஃப்ளோ'.

இதனால்தான் குளிர்நீர் டைவர்கள் பலர் இரண்டு தனித்தனி முதல் நிலைகளை, தனித்தனி வால்வுகளில் மாட்டுகிறார்கள். ஒன்று உறைந்தால் அடுத்த ரெகுலேட்டரை வாயில் வைத்து, உறைந்த பக்க வால்வை மூடிவிடலாம். வால்வின் குமிழ் பெரிதாக, ரப்பரில் இருந்தால் கையுறைக்கு ஈஸி. வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ரெகுலேட்டரில் '10 டிகிரிக்கு மேல்' என்ற குறி இருந்தால் அது குளிர்நீருக்கு ஏற்றதல்ல.

அந்த இரண்டாவது ரெகுலேட்டர் எங்கே இருக்க வேண்டும்? இடுப்புப் பக்கம் தொங்கினால், தடித்த விரல் அதைத் தேடி அலையும். மீள்கயிற்றில் கோத்துக் கழுத்தில், தாடைக்குக் கீழே தொங்கவிடுங்கள். தலையைக் குனிந்தால் வாயாலேயே கவ்விவிடலாம், கைக்கு வேலையே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று தேவைப்பட்டால், உங்கள் வாயில் இருப்பதை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கழுத்தில் இருப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கொடுக்கும் ரெகுலேட்டரின் ஹோஸ் நீளமாக இருப்பது முக்கியம்.

சின்ன கிளிப், பெரிய தலைவலி

வெதுவெதுப்பான கடலில் கச்சிதமாக இருக்கும் குட்டி கிளிப், கையுறையில் திறக்கவே திறக்காது. பெரிய குமிழ் உள்ள 'போல்ட் ஸ்நாப்' வகைக்கு மாறுங்கள். மலையேறுபவர்கள் பயன்படுத்தும் காரபினர் வேண்டாம். மீன்பிடி நூலோ கயிறோ உரசினால் அது தானாகவே திறந்து, நூலை உள்ளே மாட்டிக்கொள்ளும்.

ஸ்காட்லாந்தின் ஸ்கேப்பா ஃப்ளோவில், 1919-ல் மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மன் போர்க்கப்பல்களைப் பார்க்க இறங்குபவர்களுக்கு டார்ச் இல்லாமல் முடியாது. பேக்கப் டார்ச்சைத் தோள்பட்டை வாரோடு ரப்பர் வளையத்தில் இறுக்கி வையுங்கள். அது வாரில் இருக்கும்போதே ஆன் பண்ணிவிட்டு அப்புறம் கழற்றுங்கள். கை நழுவி விழுந்தாலும் எங்கே போகிறது என்று தெரியும்.

கத்தியோ கட்டரோ, வயிற்றுக்கு நடுவில், எந்தக் கைக்கும் எட்டும்படி இருக்கட்டும். கைப்பிடி பெரிதாக இருப்பது நல்லது.

பாக்கெட்டில் ஒரு வளையம்

ஸ்பேர் மாஸ்க்கைத் தொடைப் பாக்கெட்டில் வைப்பார்கள். அங்கேதான் சிக்கல். ஒன்றை இழுத்தால் மற்றதெல்லாம் சேர்ந்து வெளியே வந்து ஆழத்துக்குப் போய்விடும். பாக்கெட்டுக்குள் ஒரு மீள்கயிற்று வளையம் கட்டி, எல்லாவற்றையும் அதில் கிளிப் செய்துவிடுங்கள். அடிக்கடி தேவைப்படுவது மேலே இருக்கட்டும். மாஸ்க் கழன்று சில்லென்ற தண்ணீர் முகத்தில் அறைந்தால், மூச்சு தூக்கிவாரிப் போடும். முதல் சில நொடிகள் நிதானமாக மூச்சு விடுவதுதான் வேலை. மாஸ்க் அதற்கப்புறம்.

கரையிலேயே டெஸ்ட்

முழுசாக கியர் மாட்டி, கையுறை போட்டு, கண்ணை மூடுங்கள். நண்பரை ஒவ்வொரு பொருளாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் செக் பண்ணுங்க:

- பார்க்காமல் எடுக்க முடிகிறதா?
- இரண்டு கையாலும் தனித்தனியாக எட்டுகிறதா?
- எடுத்ததைத் திரும்ப மாட்ட முடிகிறதா?

ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் இடத்தையோ கிளிப்பையோ மாற்றுங்கள். அடுத்து நீச்சல் குளத்தில், அதே கையுறையோடு பழகுங்கள். சில்ஃப்ராவில் ஸ்கூபா செய்ய ட்ரைசூட் பயிற்சியோ அனுபவமோ கேட்பார்கள் என்பதால், அந்தப் பயிற்சியிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்குள் ஒரு எளிய சோதனை உண்டு. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லையா? காற்று எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கட்டைவிரலை உயர்த்தி 'மேலே போகலாம்' என்று நண்பருக்குக் காட்டிவிடுங்கள். அந்த போட்டோவை இன்னொரு நாள் எடுத்துக்கலாம்!