நாகேஷ்: சிரிப்புக்கு அடியில் ஒரு நடிகர்

நாகேஷை நகைச்சுவை நடிகர் என்று மட்டும் சொல்வது அவருக்கு நாம் செய்யும் குறை. ‘திருவிளையாடல்’ (1965) தருமியைப் பாருங்கள்: தனியே புலம்பும் அந்த ஏழைப் புலவனின் வறுமைதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது, பொற்காசுகள் மீதான ஏக்கம் அவன் குரலிலேயே நடுங்குகிறது. ‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர்நீச்சல்’ நாயகர்களும் அவமானத்தை விழுங்கிச் சிரிப்பவர்களே.

ஒல்லி உடம்பின் துள்ளலும் வேகப் பேச்சுமே அவருடைய மூலதனம் என்பார்கள். அப்படியானால், ‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் பேச்சும் அசைவும் இல்லாத பிணமாக அரங்கைக் கட்டிப்போட்டது எப்படி? ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) வில்லனாக மிரட்டியது எப்படி? உடம்பை முழுதாக ஆளத் தெரிந்தவருக்கே அடங்கவும் தெரியும். ‘நம்மவர்’ (1994) படத்தில் மகளை இழந்த தந்தையாக உடைந்து நின்றதற்குத்தான் தேசிய விருது கிடைத்தது; அதுவும் நடிக்க வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து.