மக்கான் என்கிற வினை

மகனைப் பார்க்கப் பினாங்கு போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி "மக்கான் ஆஙின் போகலாமா?" என்றாராம். மக்கான் என்றால் சாப்பிடுவது, ஆஙின் என்றால் காற்று. காற்றை எப்படிச் சாப்பிடுவது?

உலாவப் போகலாம் என்பதுதான் அந்த அழைப்பு. நாம் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்குகிறோம், அவர்கள் தின்கிறார்கள். கேமரன் மலைக்குப் போய் இரண்டு நாள் தங்கிவந்தால் அதுவும் மக்கான் ஆஙின்தான். ஆனால் இந்தோனேசியாவில் அதே காற்று தானாக உடம்புக்குள் புகுந்துவிட்டால் 'மாசுக் ஆஙின்' என்பார்கள். வயிற்று உப்புசம், உடல்வலி, குளிர் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு எண்ணெய் தடவி, நாணயத்தால் முதுகு சிவக்கச் சிவக்கச் சுரண்டுவது வீட்டு வைத்தியம். நாமாகத் தின்ற காற்று சுகம், அதுவாக நுழைந்த காற்று நோய்!

மலாயில் கடை 'கெடாய்' ஆனது தமிழிலிருந்து. வாசிப்பதற்கான 'பாச்சா' வடமொழியிலிருந்து. மக்கான் மட்டும் சொந்தச் சொத்து. அதன் மூல வேரைக் 'காஎன்' என்று மொழியியலார் மீட்டெடுத்திருக்கிறார்கள். ஜாவாவில் மங்ஙான், பிலிப்பைன்ஸில் காயின், ஃபிஜியில் கானா. போர்னியோவிலிருந்து கடல் கடந்தவர்களின் மொழி பேசும் மடகாஸ்கரில் 'ஹூமானா'. இந்த மொழிக் குடும்பத்தின் தாய்வீடான தைவானில், அமிஸ் மக்கள் வேரின் நடுவிலேயே 'உம்' என்ற ஒட்டைச் செருகிக் 'கொமாஎன்' என்கிறார்கள். பழைய அமைப்பு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. அங்கே பூர்வகுடி மொழிகளுக்கென 2017இல் சட்டம் வந்தது நல்ல செய்திதான். ஆனாலும் பிள்ளைகள் பலருக்கு வீட்டிலும் சீனமொழிதான். சோறு போடும்போது அந்தச் சொல்லால் கூப்பிட ஆளில்லாமல், சட்டம் மட்டும் எத்தனை காலம் அதைக் காக்கும்?

மலாய் கற்றுத்தரும் கையேடுகள் மக்கானை உணவகத்து மேசையோடு நிறுத்திவிடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. துரு இரும்பைத் தின்கிறது. சதுரங்கத்தில் நாம் வெட்டும் காயை அவர்கள் தின்கிறார்கள். மனதுக்குள் புழுங்குகிறவர் 'மக்கான் ஹாத்தி', அதாவது ஈரலைத் தின்கிறார். சம்பளத்துக்கு உழைப்பவர் 'மக்கான் காஜி', கூலியைத் தின்கிறார். லஞ்சம் வாங்குவது 'மக்கான் சுவாப்'. சுவாப் என்பது கையால் எடுத்து ஊட்டும் ஒரு கவளம். தாய் பிள்ளைக்கு ஊட்டும் அதே கவளம்தான், இந்தோனேசியாவின் 1980ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தின் பெயரிலும் இருக்கிறது.