கம்பத்தில் எந்த வயர் ஓடுகிறது?

சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் ஏதாவது ஒரு புது நகர்த் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், மின்கம்பத்துக்கு மின்கம்பம் தாவிப் போகும் கறுப்பு வயர்கள் கொத்தாகத் தெரியும். அங்கங்கே மீந்த வயரை வட்டமாகச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சில வயர்களில் உயிர் இருக்கும். சில, எப்போதோ இணைப்பை விட்டவர் வீட்டுக்குப் போனவை. யாரும் கழற்றாமல் கிடப்பவை. தொலைக்காட்சி விளம்பரங்கள் ஐந்தாறு நிறுவனங்களைக் காட்டலாம். ஆனால் அந்தத் தெருக்காரருக்கு உண்மையில் கிடைக்கும் இணைப்புகளின் பட்டியல் அந்தக் கம்பத்தில்தான் இருக்கிறது.

தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தில் வீட்டு இணைய இணைப்பு வாங்குகிறவர்கள் பலரும் இதைப் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் பின்கோடு போட்டால் ‘சேவை உண்டு’ என்று பச்சை விளக்கு காட்டும். ஒரு பின்கோடுக்குள் சிட்கோ தொழிற்பேட்டையும் வரும், பழைய ஊரும் வரும், 400 அடி ரோடு என்று ஊரார் சொல்லும் வெளிவட்டச் சாலையை ஒட்டி நேற்று முளைத்த மனைப்பிரிவும் வரும். மெயின் ரோடு வரை ஃபைபர் வந்திருக்கும். மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு வந்திருக்காது. ஆட்சி எல்லையும் குழப்பம்தான். பக்கத்து ஊர்களான அனகாபுத்தூரும் பம்மலும் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டன. மாவட்டக் கணக்கில் செங்கல்பட்டு. திருமுடிவாக்கமோ காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூர் ஒன்றியம். வயர் இழுக்க ஒரு பக்கம் ஓர் அலுவலகம், மறுபக்கம் வேறோர் அலுவலகம்.

இருபது வருடத்துக்கு முன் இந்தத் தலைவலியே இல்லை. தேர்ந்தெடுக்க வழி இருந்தால்தானே? 2004-இல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. மறு வருடம் ஜனவரியில் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் டெலிபோன் வயரிலேயே அதைக் கொடுத்தது. அதன் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து சினிமா இறக்கிய தலைமுறை ஒன்று இன்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அடிப்படை வேகம் 2013-இல் 512 கிலோபிட் ஆனது, 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆனது. சட்டப்படி பிராட்பேண்ட் என்ற பெயருக்கு இன்றும் அது போதும். வீட்டில் ஒரு பிள்ளை ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது இன்னொருவர் படம் பார்க்க அது போதாது.

காப்பர் வயருக்கு இரண்டு எதிரிகள்: தூரமும் தண்ணீரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப் போகப் போக வேகம் குறையும். நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பு நிற்பதே சிரமம். இணைப்புப் பெட்டிக்குள் மழைநீர் இறங்கினால் போனில் இரைச்சல், இணையத்தில் விட்டு விட்டு வரும் நோய். அடையாற்றங்கரை ஊர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் எப்படிப்பட்டவை என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் சொல்லிவிட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளே மூழ்கிய இடத்தில் வயரை யார் கேட்டார்கள்?

ஃபைபர் வந்ததும் இந்த இரண்டு தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்தன. கண்ணாடி இழைக்குள் ஒளி போகிறது; துருப்பிடிக்க ஏதுமில்லை, இருபது கிலோமீட்டர் தூரமும் பிரச்சினை இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் இழை அந்த வீட்டுக்கு மட்டுமே உரியது என்று நினைத்துவிடக்கூடாது. பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையில் நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் இறங்கும். வழியில் ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தொட்டி மாதிரிதான்: பகல் பதினோரு மணிக்கு எந்த வீட்டிலும் குழாய் சீறும், காலை ஏழு மணிக்கு எல்லாரும் திறக்கும்போது நூலாக வரும். எல்லாருக்கும் 100 மெகாபிட் என்று விற்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம் இது. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குப் பலிக்கிறது என்பது ராத்திரி ஒன்பது மணிக்குத் தெரியும். எனவே புது இணைப்பு வாங்க நினைப்பவர், அதே தெருவில் அதே நிறுவனத்தை வைத்திருப்பவரிடம் ராத்திரி ஒன்பது மணிக்கு வேகம் எவ்வளவு என்று கேட்பது எந்த விளம்பரத்தையும்விட உபயோகமானது.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: கோளாறு வந்தால் யார் வந்து ஏணி போடுகிறார்?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பிஎஸ்என்எல்-இலிருந்து 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். லைன்மேன் என்ற பதவியே பல பகுதிகளில் கரைந்துபோனது. அந்த நிறுவனத்தின் ஃபைபரை இன்று பல இடங்களில் வருமானப் பங்கு அடிப்படையில் இழுத்துப் பராமரிப்பவர் உள்ளூர்க் கூட்டாளி. பெரும்பாலும் அவர் பழைய கேபிள் டிவிக்காரர்தான். தனியார் நிறுவனங்கள் பலவும் கடைசி அரை கிலோமீட்டரை இப்படியே உள்ளூர் ஆட்களிடம் விட்டிருக்கின்றன. ஆகவே ‘அந்தக் கம்பெனி வேண்டாம், இந்தக் கம்பெனி போடுவோம்’ என்று கோபத்தோடு மாறும் குடும்பத்தின் வாசலில், ஒரு வாரம் கழித்து அதே ஆள் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்க வாய்ப்பு உண்டு. வீட்டிலுள்ள ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால் பெரும்பாலும் வெளியே எங்கோ ஃபைபர் கட் என்று அர்த்தம். அதை எத்தனை மணி நேரத்தில் ஒட்டித் தருகிறார் என்பதில் நிறுவனத்தின் பெயருக்குப் பெரிய பங்கில்லை. 2022 ஆகஸ்டில் ஜியோ, பிஎஸ்என்எல்-ஐ முந்தி நாட்டின் மிகப் பெரிய தரைவழி இணைப்பு நிறுவனமானது பெரிய செய்திதான். ஒரு தெருவுக்கு அதைவிடப் பெரிய செய்தி, அந்தத் தெரு கேபிள்காரரின் சுறுசுறுப்பு.

வயரே வராத மனைப்பிரிவுகளுக்கு 2023-இலிருந்து இன்னொரு வழி திறந்திருக்கிறது. அந்த வருடம் ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் ‘ஏர்ஃபைபர்’ என்ற சேவையைச் சில நகரங்களில் தொடங்கின. ஜியோவின் முதல் பட்டியலிலேயே சென்னை இருந்தது. மொட்டை மாடியில் ஒரு பெட்டியைப் பொருத்தி, செல்போன் கோபுரத்திலிருந்து 5ஜி அலையை வாங்கி, வீட்டுக்குள் வைஃபையாகக் கொடுப்பார்கள். பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு ஃபைபர் வராது. கோபுரம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நன்றாகவே ஓடும். எதிரே புதிதாக நாலு மாடி எழும்பினால் கதை மாறலாம். மாத அளவும் கம்பிவழி இணைப்பைவிடக் குறைவு: அங்கே 3,300 ஜிபி என்றால் இங்கே பெரும்பாலும் 1,000 ஜிபி.

விலைப் பேச்சுக்கு வருவோம். 2020 செப்டம்பரில் ஜியோ 399 ரூபாய்க்கு 30 மெகாபிட் என்றது. ஏர்டெல் 499 ரூபாய்க்கு 40 மெகாபிட் என்று பதில் சொன்னது. அக்டோபரில் பிஎஸ்என்எல் 449 ரூபாயோடு வந்து சேர்ந்தது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்கு அந்தப் போட்டி நல்ல காலம். ஆனால் 399 என்று படித்தவர் கட்டும் தொகை 470 ரூபாய் 82 காசு, ஏனென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி வெளியே நிற்கிறது. இன்னும் வெளியே நிற்பவை: இணைப்புக் கட்டணம், பெட்டிக்கு முன்பணம், ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்கூட்டிக் கட்டினால்தான் அந்த விலை என்ற நிபந்தனை. வருட முன்பணம்தான் உண்மையான பூட்டு. இரண்டாவது மாதமே சேவை பிடிக்கவில்லை என்றாலும் பத்து மாதப் பணம் அவர்களிடம் இருக்கும். புது நிறுவனம் என்றால் முதலில் மாதக் கணக்கில் போட்டுப் பார்ப்பது, ஐம்பது நூறு கூடப் போனாலும், மலிவு.

அளவில்லாத இணையம் என்பதற்கும் அளவு உண்டு. வரம்பு தாண்டினால் வேகம் குறையும். எவ்வளவு குறைத்தாலும் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இல் உத்தரவு போட்டது. சராசரிக் குடும்பம் 3,300 ஜிபியைத் தொடுவது கடினம். சிசிடிவி காட்சிகளை இரவும் பகலும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் தொழிற்பேட்டைப் பட்டறைகள்தான் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஏற்றும் வேகத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. விளம்பரங்கள் இறக்கும் வேகத்தையே பெரிதாக எழுதுகின்றன.

சரி, மாறுவது என்று முடிவாகிவிட்டது. செல்போன் என்றால் இந்தியாவில் இது சுலபம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் வந்தது. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி, பதிலாக ஒரு குறியீடு. ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் முடிந்துவிடும். இந்த உரிமை வீட்டு டெலிபோனுக்குக் கிடையாது. சென்னையில் 044-க்குப் பின் 2-இல் தொடங்கும் எண் பிஎஸ்என்எல் உடையது, 4-இல் தொடங்குவது பெரும்பாலும் ஏர்டெல். நிறுவனத்தை விட்டால் எண்ணையும் விட்டுவிட வேண்டும். முப்பது வருடமாக உறவினர் எல்லாருக்கும் மனப்பாடமான எண்ணை வைத்திருக்கும் பெரியவர்கள் மோசமான இணைப்பையும் பொறுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு ஓர் இடைவழி உண்டு: பிஎஸ்என்எல்-லேயே காப்பரிலிருந்து ஃபைபருக்கு மாறினால் பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம். இணையத்துக்கு வேறு நிறுவனத்தைப் பார்த்துக்கொண்டு, எண்ணுக்காக மட்டும் சின்னத் திட்டம் ஒன்றை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இது விநோதமாகப் படும். பிரிட்டனில் வீட்டு டெலிபோன் எண்ணையும் எடுத்துக்கொண்டு மாறலாம். 2024 செப்டம்பர் 12 முதல், புது நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும், பழையதை நிறுத்தும் வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி வந்துவிட்டது. சிங்கப்பூரில் வீடுகளுக்கான ஃபைபரை நெட்லிங்க் என்ற நிறுவனம் போட்டு வைத்திருக்கிறது. அதன் மேல் பல நிறுவனங்கள் சேவை விற்கின்றன. அங்கே மாறுவதென்றால் பெரும்பாலும் பெட்டியை மாற்றுவதுதான், சுவரில் புது ஓட்டை போடுவதில்லை. இங்கே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி வயர், தனி ஓட்டை. வாடகை வீடென்றால் அந்த ஓட்டைக்கு வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கட்டுநரோ சங்கமோ ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு மற்றவர்களை உள்ளே விடாத வழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட ஏகபோக ஒப்பந்தங்களைத் தடுக்க வேண்டும் என்று டிராய் 2017 ஜனவரியில் பரிந்துரைத்தது. பிளாட் வாங்கப் போகிறவர் கார் நிறுத்துமிடம் பற்றிக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

மாறும்போது வரிசை முக்கியம். புது இணைப்பு வந்து, ஒரு மழையையும் சில ராத்திரிகளையும் தாண்டிய பிறகே பழையதைச் சரண்டர் செய்ய வேண்டும். அதற்குள் வங்கி, கேஸ், பள்ளிக்கூடம் என்று பழைய எண் எங்கெல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து மாற்றிவிட வேண்டும். பணம் கட்டாமல் விட்டால் தானாகவே கட் ஆகிவிடும் என்று விடுகிறவர்கள் அதிகம். பில் ஓடிக்கொண்டே போய் ஒருநாள் வசூல் ஏஜென்சியிலிருந்து போன் வரும். நிறுத்தச் சொல்லி மின்னஞ்சலிலோ செயலியிலோ எழுத்தில் கொடுத்து, புகார் எண் போன்ற ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதே வழி. பெட்டியைத் திரும்ப வாங்க வருகிறவரிடம் ரசீது கேட்க வேண்டும். அது இல்லாமல் முன்பணம் திரும்புவது கஷ்டம்.

டெலிபோனை விடுவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. பழைய காப்பர் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே, 48 வோல்ட், அதே வயரில் வரும். வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபர் போன் வீட்டுப் பெட்டியை நம்பியிருக்கிறது. பிளக்கில் கரண்ட் இல்லையென்றால் அதுவும் இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். செல்போன் சிக்னலும் பல இடங்களில் இல்லாமல் போனது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் பெட்டியை இன்வெர்ட்டரில் இணைப்பது, அல்லது ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைப்பது சில மணி நேரத்துக்காவது கை கொடுக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நிறுவனம் முன்பணத்தைத் தராமல் இழுத்தடித்தால்? டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. 2012-இல் அது போட்ட விதிப்படி, முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. கட்டணம் கிடையாது, 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். இந்தக் கதவு கொஞ்ச காலம் சாத்தியிருந்தது. கேரளத்தில் பில் தகராறில் துண்டிக்கப்பட்ட ஒரு டெலிபோன் பற்றிய வழக்கில், தந்திச் சட்டம் இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு இதில் வேலையில்லை என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 பிப்ரவரி 16 அன்று வோடஃபோன் ஐடியா வழக்கில் அதே நீதிமன்றம், தொலைபேசி வாடிக்கையாளரும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்தது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அங்கே முதலில் கேட்கப்படுபவை பில், புகார் எண், பெட்டியைத் திருப்பிக் கொடுத்த ரசீது.